மவுஸ் பட்டால் கலர், படாவிட்டால் கருப்பு வெள்ளை

வலைப்பக்கத்தின் முன்பக்கம் செய்து பிழைக்கிறவர்களிடம் எந்த வாடிக்கையாளரும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. ‘இன்னும் கொஞ்சம் பெருசா போடுங்க’ என்றுதான் சொல்வார்கள்.

அதற்கும் தலையாட்டி, சிஎஸ்எஸ்ஸில் ஓர் எண்ணை மாற்றி, பெரிதாகிய எழுத்து பக்கத்துக் கட்டத்தை இடித்துக் கீழே தள்ளுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர்களே, இது உங்களுக்காக. சிஎஸ்எஸ் தெரியாதவர்கள் யாராவது தப்பி இந்தப் பக்கம் வந்திருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வலைப்பக்கத்தில் எது என்ன நிறம், எவ்வளவு பெரிது, எங்கே உட்கார வேண்டும் என்று வரிவரியாக எழுதிவைப்பதுதான் சிஎஸ்எஸ். ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு வரி இருந்தால் பின்னால் வருவது ஜெயிக்கும். முன்னால் எழுதியது தப்பென்றால் அழிக்கக்கூட வேண்டாம், கீழே போய் வேறு மாதிரி எழுதினால் போதும். இந்த வசதியை நம்பித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

தஞ்சாவூரில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நானும் சரவணனும்தான். அவன் என்னைவிடச் சின்னவன், என்னைவிடக் கெட்டிக்காரன், ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டே நான் எழுதியதையெல்லாம் மாற்றிவிடுவான். அவன் அப்பா கோவிந்தராசு அம்மாபேட்டைப் பக்கம் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறவர். சர்க்கரை அவருடைய இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அந்த நாட்களில் சரவணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பான். அடுத்து வரும் மாசியில் அப்பாவுக்கு அறுபது நிறைய இருந்தது. திருக்கடையூரில் வைத்து அம்மாவுக்கு மறுபடி ஒரு தாலி கட்டிவிட வேண்டும் என்பது அந்த வீட்டின் ஒரே ஆசை. டாக்டர்கள் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மாசி வரைக்கும் அப்பா தாங்க வேண்டும், அவ்வளவுதான் சரவணனுக்கு வேண்டியிருந்தது. கீழே வருகிறவை எல்லாம் அந்த வருஷத்தில் நடந்தவை.

வெயிலில் காணாமல் போன எழுத்து

சரவணனுக்கு மெல்லிய எழுத்து பிடிக்கும். வெள்ளைத் தளத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில், இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கிற மாதிரி. பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டிக்காரருக்கு அப்படி ஒரு பக்கம் செய்துகொடுத்தோம். எங்கள் திரையில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாளே அவரிடமிருந்து போன், பக்கம் வெறுமையாக வருகிறதாம். சர்வரைப் பார்த்தோம், நெட்டைப் பார்த்தோம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் இருவரும் பஸ் ஏறினோம்.

மண்டி என்றால் அது ஒரு திறந்த களம். உரித்த காய் ஒரு குவியல், உரிக்காதது ஒரு குவியல், நடுவில் உச்சி வெயிலில் அவர். நாள் முழுக்க சார்ஜ் நிற்க வேண்டுமே என்று போனின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார். எங்கள் சாம்பல் எழுத்து அதில் சுத்தமாகத் தெரியவில்லை. எழுத்துக்கும் தளத்துக்கும் நிற வித்தியாசம் போதுமா என்று கணக்குப் போட்டுச் சொல்லக் கருவிகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அன்றிலிருந்து எந்தப் பக்கம் முடிந்தாலும் மத்தியான வெயிலில் போனோடு மொட்டை மாடிக்குப் போய்ப் படித்துப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அன்று சரவணன் மட்டும் விட்டுக்கொடுக்காமல் அவரைக் கொட்டகை நிழலுக்குள் கூட்டிப்போய், இதோ இருக்கிறது பாருங்கள் என்று காட்டினான். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“எழுத்து இருக்குன்னு நீங்க சொல்றீங்க, நான் நம்புறேங்க. காய் வாங்க வர்றவனும் நம்பணும்ல.”

பொத்தானுக்குள் அடங்காத சேதி

அடுத்து வந்தவர் சபேசன். திருக்கடையூரில் மண்டபம் வைத்திருக்கிறார். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்ய வருகிறவர்கள் தங்கவும் சாப்பிடவும். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் பக்கத்தைப் பார்த்து நாள் பதிவு செய்வார்கள், ஊரில் இருக்கிற பெற்றோர் அதையே போனில் பார்த்துச் சரி சொல்வார்கள். அதனால் ஆங்கிலத்திலும் வேண்டும், தமிழிலும் வேண்டும். சரவணன் தன் வீட்டு விசேஷத்தை முன்வைத்துத்தான் இந்த வேலையைப் பிடித்தான். அப்பாவுக்கு அங்கேதான் செய்யப்போகிறோம், பக்கத்தையும் நாமே செய்வோம் என்றான்.

ஆங்கிலத்தில் ‘புக்’ என்று குட்டியாக இருந்த பொத்தானுக்கு நான் அகலத்தை அளந்து எழுதியிருந்தேன். தமிழில் ‘மண்டபம் முன்பதிவு செய்ய’ என்று போட்டதும் ‘மண்டபம் முன்ப’ வரைக்கும் தெரிந்தது, மீதி மறைந்துவிட்டது. எழுத்தைச் சிறிதாக்கினால் அறுபது வயதுக்காரர்களுக்குத் தெரியாது. தமிழில் பக்கம் செய்கிறவர்கள் பொத்தானுக்கு அகலமே எழுதக்கூடாது. உள்ளே நான்கு பக்கமும் இடைவெளி மட்டும் கொடுத்தால் சேதிக்குத் தக்கபடி அது தானே விரிந்துகொள்ளும். வரிகளுக்கு நடுவிலும் தாராளமாக இடம் விடுங்கள், இல்லாவிட்டால் எழுத்தின் தலையில் இருக்கிற வளைவு மேல்வரியில் போய் முட்டும். சபேசன் அந்த ‘முன்ப’வைப் பார்த்துவிட்டுப் பதமாகத்தான் கேட்டார்.

“கூட்டம் ஜாஸ்தின்னா பந்தல நீட்டிப் போடுவோமுங்க. பாதிப் பேர வெளிய நிறுத்திட்டா கதவ சாத்துவோம்?”

எல்லாம் முக்கியம்

சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரியின் கடைசியில் ‘இம்பார்ட்டன்ட்’ என்று எழுதிவிட்டால் அந்த வரி யாருக்கும் அடங்காது. பின்னால் வருகிற வரிகூட அதை அசைக்க முடியாது. அவசரத்துக்கு ஓரிடத்தில் போட்டால், அதை அடக்க இன்னோரிடத்தில் போட வேண்டும், கடைசியில் கோப்பு முழுக்க அதே வார்த்தை இறைந்து கிடக்கும். உங்களிலும் செய்யாதவர்கள் யாருமில்லை என்று எனக்குத் தெரியும். சபேசனும் அதே ரகம். மண்டபம், பந்தி, அறை, கார் நிறுத்துமிடம், ஜெனரேட்டர் எல்லாம் முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் வர வேண்டுமாம். எல்லாம் பெரிதாக இருந்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது, ஒன்றைச் சொல்லுங்கள், அதை மட்டும் தூக்கிக் காட்டுகிறோம் என்றேன். ரொம்ப வருத்தமாகப் பதில் சொன்னார்.

“அறுபதாம் கல்யாணத்துக்கு வர்றவங்ககிட்ட எது முக்கியமில்லன்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க.”

பாதியாக வந்த படம்

படங்களுக்கான இடம் காலியாக இருந்தது. மற்ற குடும்பங்களின் படத்தைக் கேட்காமல் போட சபேசனுக்கு மனசில்லை. மாதிரிக்கு இருக்கட்டும் என்று சரவணன் தன் அப்பா அம்மா படத்தையே போட்டான். அப்பாவுக்கு உடம்பு கெடுவதற்கு முன்னால் ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்தது. கரை வேட்டியும் மீசையுமாக அவர், பக்கத்தில் அரக்குப் புடவையில் அம்மா, தோளும் தோளும் ஒட்டிக்கொண்டு. கம்ப்யூட்டரில் அழகாக வந்தது. போனில் கட்டம் குறுகலானதும் படத்தின் நடுப்பகுதி மட்டும் தெரிந்தது. இரண்டு தலைக்கும் நடுவில் இருந்தது பின்னாலிருந்த சுவர்.

கட்டத்தை நிரப்பு என்று மட்டும் படத்துக்குச் சொன்னால் இப்படித்தான் ஆகும். எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும், குறுகலான திரைக்குக் கட்டத்தின் வடிவத்தையே மாற்ற வேண்டும். அன்று டயாலிசிஸ் முடிந்து சரவணனின் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். மாடி ஏற முடியாமல் அப்பா கீழே உரக்கடை நாற்காலியில் உட்கார்ந்துவிட, அம்மா மட்டும் மேலே வந்தார். மகன் நீட்டிய போனை வாங்கிப் பார்த்தார்.

“அவருக்கு ஒரு காது, எனக்கு ஒரு காதுதான் இருக்கு. ரெண்டு பேரும் இருக்குற மாதிரி போடு சரவணா.”

இரண்டு மேசையில் எழுதிய வரிகள்

அதைச் சரிசெய்த கையோடு சரவணனுக்கு ஆசை வந்தது. வெளிநாட்டில் ஒரு புகைப்படக்காரரின் பக்கத்தைப் பார்த்திருக்கிறான். படங்கள் எல்லாம் கருப்பு வெள்ளையில் இருக்கும், மவுஸை மேலே கொண்டுபோனால் மெல்ல மெல்ல நிறம் ஏறும். இரண்டே வரி வேலை. ஒரு வரியில் நிறத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும், மவுஸ் பட்டால் திருப்பிக் கொடு என்று இன்னொரு வரி. அவன் அதை அவன் மேசையில் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு சபேசன் போன் செய்தார். பக்கம் மங்களகரமாக இல்லை, படத்தைச் சுற்றிப் பூமாலை போடுங்கள் என்றார். நான் என் மேசையில் செவ்வந்தி மாலையை விளிம்பாக எழுதினேன். ஒருவர் வரி நிறத்தைப் பற்றியது, மற்றவர் வரி விளிம்பைப் பற்றியது. சண்டையே இல்லாமல் இரண்டும் சேர்ந்துகொண்டன. சண்டை வந்திருந்தால் ஒன்றாவது தோற்றிருக்கும்.

சரவணன் மவுஸை ஓட்டிப் பார்த்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நிறம் ஏறியது, சுற்றிலும் மாலை. நானும்தான் பார்த்தேன், நன்றாயிருக்கிறது என்றேன். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்ததால் அன்று யாரும் மொட்டை மாடிக்குப் போகவில்லை. அப்பாவின் அறுபது இந்த மண்டபத்தில்தான் என்று எழுதக்கூடச் செய்யாமல், வெறும் இணைப்பை மட்டும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

போனில் மவுஸ் ஏது? மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் நாகப்பட்டினத்தில் இருக்கும் அவன் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அதைத் திறந்தார். தம்பியும் தம்பி பெண்சாதியும் கருப்பு வெள்ளையில், சுற்றி மாலை. நம் ஊர்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சுவரொட்டியிலிருந்து பேப்பர் விளம்பரம் வரைக்கும் அப்படித்தானே பார்க்கிறோம். பதறிப்போய் ஒவ்வொருவராகப் போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. மூன்று பேரும் டயாலிசிஸ் வார்டில், போன்களை அமைதியில் போட்டுவிட்டு. அத்தை வேன் பிடித்து, ரோஜா மாலை வாங்கி, தெருவில் நான்கு பெண்களையும் ஏற்றிக்கொண்டு அம்மாபேட்டைக்கு வந்து இறங்கினார். சரவணன் அப்போதுதான் அப்பாவை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே வந்தவர் தம்பியின் முகத்தைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். அப்புறம் மருமகன் பக்கம் திரும்பினார்.

“உசுரோட இருக்குற அப்பன் படத்துக்கு மால போட்ட புள்ளய இப்பதாண்டா பாக்குறேன்.”

பழைய வரியை விடாத போன்கள்

மவுஸ் இருக்கிற கருவிகளுக்கு மட்டும் இந்த வித்தை, மற்றவற்றில் முழு நிறம் என்று எழுத சிஎஸ்எஸ்ஸிலேயே வழி இருக்கிறது. கையால் தொடுகிற எந்தத் திரைக்கும் அதைத்தான் செய்ய வேண்டும். சரவணன் அதற்கெல்லாம் நிற்கவில்லை, அந்த இரண்டு வரியையும் வேரோடு பிடுங்கிவிட்டான். என்னுடைய மாலையையும் நான் எடுத்துவிட்டேன். ஆனால் ஒருமுறை இறக்கிய சிஎஸ்எஸ் கோப்பைப் போன் சேர்த்துவைத்துக்கொள்ளும். கோப்பின் பெயரில் ஒரு எண்ணையாவது மாற்றினால்தான் புதியதைக் கேட்டு வாங்கும். பதற்றத்தில் அதை மறந்துவிட்டோம். சபேசனின் பக்கத்தை நாங்கள் சரியாக்கிய பிறகும், ஒரத்தநாட்டிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் துக்கம் கேட்டுப் போன் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் அப்பா நன்றாக இருக்கிறார் என்று சரவணன் சொல்ல வேண்டியிருந்தது. அவர் நன்றாக இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவன் பேச்சு குறைந்துபோனது. அத்தை சொன்னது அவன் மனதில் தைத்துவிட்டது. ஒரு வரி சிஎஸ்எஸ் யார் கிட்னியையும் ஒன்றும் செய்யாது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை அப்பா தன் போனைத் திறந்தபோது அதிலும் அதே பழைய படம்தான் வந்தது. சரவணன் பிடுங்கி அழிக்கப் போனான். அவர் கொடுக்கவில்லை.

“இருக்கட்டும்டா. இதுல தலமுடி நல்லா கருப்பா தெரியுது.”

கொட்டிக்கொண்டே இருந்த அட்சதை

மாலை போனதில் சபேசனுக்குக் குறை. அதற்குப் பதில் மேலிருந்து அட்சதை விழுகிற மாதிரி செய்யுங்கள் என்றார். செய்தோம். மஞ்சள் அரிசி பக்கம் முழுக்க விடாமல் விழுந்துகொண்டிருந்தது. தையில் ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்த அப்பாவிடம் சரவணன் காட்டியபோது அவருக்குத் தலை சுற்றிக் குமட்டிவிட்டது. நகர்கிற எதையும் பார்க்க முடியாதவர்கள் நாம் நினைப்பதைவிட நிறையப் பேர் இருக்கிறார்கள். அசைவு வேண்டாம் என்று போனிலேயே அவர்கள் சொல்லிவைக்கலாம், நம் சிஎஸ்எஸ் அதைக் கேட்டு அடங்க வேண்டும். சொல்லத் தெரியாதவர்களுக்காக, ஒருமுறை விழுந்ததும் நின்றுவிடுகிற மாதிரியாவது எழுத வேண்டும். அந்த வாரம் காலம் தப்பிப் பெய்த மழையில் அவர் வயலில் கதிர் முற்றிய சம்பா முழுக்கச் சாய்ந்துகிடந்தது. போய்ப் பார்க்கக்கூட அவரால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

“வயல்ல கொட்டுனது போதும்டா. இங்கயாவது நிக்கட்டும்.”

தேதிக் கட்டம்

பதிவுக்கான நாட்காட்டியில் காலியான நாள் பச்சை, பதிவான நாள் சிவப்பு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத கண்கள் உண்டு. கட்டத்துக்குள் ‘பதிவு’ என்று எழுதியும் விடுங்கள். கடந்துபோன நாட்கள் தானாக வெளுத்துவிடும்படி சரவணன் செய்திருந்தான். அந்த நாட்காட்டியில் முதன்முதலாகப் பதிவான நாள் அவன் அப்பாவுடையதுதான், மாசியில் அவருடைய நட்சத்திரம் வருகிற நாள்.

தை முடியும் முன்னாலேயே அவர் போய்விட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. சரவணன் வராந்தாவில் சபேசனின் வலைப்பக்கத்தில்தான் ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் போன் வந்தபோது நான் உரக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே அப்பா உட்கார்கிற நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். தகனம் முடிந்து சில நாள் கழித்து சபேசனைக் கூப்பிட்டு, வேறு யாருக்காவது உதவும், அந்த நாளைத் திறந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்மா. நாள் தாண்டுனா அதுவா வெளுத்துடும்னு தம்பிதான சொன்னாரு, அப்படியே விடுங்க.”

கடைசிப் பக்கம்

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொல்ல வேண்டும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்களுக்குப் போனில் அனுப்ப ஒரு பக்கம் செய்கிறேன் என்று சரவணன் ஆபீசுக்கு வந்தான். மொட்டைத் தலையில் துண்டு. நான் செய்கிறேன், நீ வீட்டுக்குப் போ என்றேன். கேட்கவில்லை. அதே படத்தைத்தான் போட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாராம், அவர் நன்றாக இருந்தபோது எடுத்தது வேறு ஒன்றும் இல்லை.

அவன் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்து நான் பார்த்ததில்லை. மெல்லிய எழுத்து இல்லை, சாம்பல் இல்லை. அடர்ந்த கருப்பில், பெரிதாக, வரிகளுக்கு நடுவில் தாராளமாக இடம் விட்டு எழுதினான். எதுவும் நகரவில்லை. கோப்பின் பெயரில் எண் போட்டான். ஐப்பசியில் இரண்டு பேரும் தெரிய வேண்டும் என்று எவ்வளவு பாடுபட்டானோ, அதே வரியில் எண்ணை மாற்றி மாற்றி, இப்போது ஒருவர் மட்டும் தெரியும்படி கட்டத்தை நகர்த்தினான். எவ்வளவு நகர்த்தியும் ஓரத்தில் அம்மாவின் அரக்குப் புடவை ஒரு விரல் அகலத்துக்கு நின்றது. தோளை வெட்டாமல் அதை எடுக்க முடியாது. அப்படியே விட்டான். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் படித்துப் பார்த்துவிட்டு இறங்கிவந்தான். படம் மட்டும் இன்னும் கலரிலேயே இருந்தது. கீபோர்டை என் பக்கம் நகர்த்தினான்.

“எல்லாம் முடிச்சிட்டேன்க்கா. அந்த ஒரு வரிய மட்டும் நீங்க போடுங்க, நான் ஏற்கெனவே ஒரு தடவ போட்டுட்டேன்.”

பின்னால் எழுதுகிற வரி முன்னால் எழுதியதை இல்லாமல் ஆக்கிவிடும் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தவர்களே, சிஎஸ்எஸ்ஸைப் பொறுத்தவரை அது உண்மைதான்.